வன்பும் அன்பும்: கிறித்தவத் தமிழில் இறையன்பு

இறைவன் அன்புடையவன் என்று கூறாத சமயம் உலகில் அரிது. ஆயினும், அவ்வன்பு எங்கே தொடங்குகிறது, தகுதியுடையாரை மட்டும் நாடுகிறதா, தகுதியற்றாரையும் தேடி வருகிறதா என்னும் வினாக்களுக்குச் சமயந்தோறும் விடை வேறுபடும். கிறித்தவ சமயம் தரும் விடை தெளிவானது. மனிதன் கடவுளிடம் அன்பு செலுத்துமுன்னரே கடவுள் மனிதனிடம் அன்பு செலுத்தினார். மனிதனுடைய அன்பு அதற்கு அளிக்கும் மறுமொழியேயன்றி அதற்குக் கொடுக்கும் விலையன்று என்பதே அவ்விடை. இதனைத் தமிழில் எந்தச் சொல்லால் உரைப்பது? எளிய வினாவே எனினும், இதற்கு விடை காண்பதில் நானூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன. அவ்வரலாற்றின் தொடக்கத்தில் தமிழகத்தின் முத்துக்குளித்துறையும், அதனை அடுத்து நம் மலாக்காவும் இடம்பெறுகின்றன.

கிரேக்கச் சொல்லும் அதன் பொருளும்

கிறித்தவ மறையின் புதிய ஏற்பாடு கிரேக்க மொழியில் எழுதப்பெற்றது. அன்பின் வகைகளைக் குறிக்க அம்மொழியில் சொற்கள் பல உண்டு. காதல் வேட்கையை எரோசு என்றும், நட்பின்பாற்பட்ட நேயத்தைப் பிலியா என்றும், பெற்றோர்க்கும் மக்களுக்கும் இடையே இயல்பாய் அமையும் பாசத்தைச் சுதோர்கே என்றும் கிரேக்கர் வழங்கினர். புதிய ஏற்பாட்டு ஆசிரியர்களோ கடவுளின் அன்பைக் கூறப் பெரும்பாலும் அகாப்பே என்னும் சொல்லையே எடுத்தாண்டனர். எரோசு என்னும் சொல் அந்நூலில் ஓரிடத்தும் வரவில்லை.

அகாப்பே என்னும் சொல்லாட்சியில் கருதத்தக்க சிறப்பு ஒன்றுண்டு. கடவுள் மனிதனிடம் காட்டுவதும் அகாப்பே. மனிதன் கடவுளிடம் காட்டுவதும் அகாப்பே. மனிதன் தன் அயலானிடம் காட்டுவதும் அகாப்பே. மூன்று திசைகளுக்கும் ஒரே சொல். யோவானின் முதல் திருமுகம் இன்னும் ஒருபடி மேற்சென்று, கடவுளின் இயல்பே அன்பு என்று கூறுகிறது. அன்பு அவருடைய குணங்களுள் ஒன்றாக மட்டும் நில்லாமல் அவருடைய தன்மையாகவே ஆகிவிடுகிறது.

இவ்வன்பு எத்தகையது என்பதை இயேசு பெருமான் கதைகளால் விளக்கினார். லூக்கா நற்செய்தியின் 15-ஆம் அதிகாரத்தில் மூன்று கதைகள் தொடர்ந்து வருகின்றன. காணாமற்போன ஆட்டை மேய்ப்பன் தேடுகிறான். காணாமற்போன காசைப் பெண்ணொருத்தி தேடுகிறாள். பொருளையெல்லாம் அழித்துவிட்டுத் திரும்பும் இளைய மகனைத் தந்தை தொலைவிலேயே கண்டு ஓடிச்சென்று தழுவிக்கொள்கிறார். வீட்டில் இருந்து உழைத்த மூத்த மகன் இதனைக் கண்டு முணுமுணுக்கிறான். அவன் கேட்பது நியாயத்தின் குரல். தந்தை காட்டுவது நியாயத்தைக் கடந்த ஒன்று. இவ்வொன்றைத்தான் தமிழில் பெயரிட்டு அழைக்க வேண்டியிருந்தது.

அன்பும் அருளும்

தமிழில் இதற்குச் சொற்பஞ்சம் இருந்ததில்லை. வள்ளுவப் பெருந்தகை அன்புடைமையை எட்டாம் அதிகாரமாக இல்லறவியலிலும், அருளுடைமையை இருபத்தைந்தாம் அதிகாரமாகத் துறவறவியலிலும் வைத்தார். அருளை அன்பு ஈன்ற குழந்தையாக அவர் உருவகித்தது கற்றோர் அறிந்ததே. தொடர்புடையார்மேற் செல்வது அன்பு என்றும், தொடர்பு நோக்காது எல்லா உயிர்கள்மேலும் செல்வது அருள் என்றும் பரிமேலழகர் இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்டினார்.

பத்தி இலக்கியம் வளர்ந்த காலத்தில் இவ்விரு சொற்களுக்கும் வேறொரு பிரிவும் ஏற்பட்டது. அடியவன் இறைவனிடம் செலுத்துவது பெரும்பாலும் அன்பு எனப்பட்டது. இறைவன் அடியவனுக்கு வழங்குவது பெரும்பாலும் அருள் எனப்பட்டது. கீழிருந்து மேற்செல்வது அன்பு, மேலிருந்து கீழிறங்குவது அருள் என்னும் வழக்கு நிலைத்தது. எனினும், அன்பும் சிவமும் இரண்டல்ல என்று திருமூலர் தெளிவுறப் பாடியமையால், இறைவனையே அன்பெனக் கூறும் துணிவு தமிழுக்குப் புதிதன்று என்பதும் தெளிவு.

கிறித்தவக் கொள்கையைத் தமிழில் உரைக்க வந்தோர் இங்கேதான் இடர்ப்பட்டனர். உரிமை ஏதுமற்ற பாவியிடத்தும் கடவுளின் நேயம் செல்கிறது. ஆதலின் அது அருள். அந்நேயமே அவனைப் பிள்ளையாக்கிக் கொள்வதால் அங்கே தந்தை மகன் என்னும் தொடர்பு பிறக்கிறது. ஆதலின் அது அன்பு. அருள் என்று மட்டும் கூறினால் உறவு குறைகிறது. அன்பு என்று மட்டும் கூறினால், உறவு முன்னரே இருந்ததால்தான் அன்பு எழுந்தது என்று பொருள்பட இடமுண்டு. இரண்டையும் தன்னுள் அடக்கும் ஒரு சொல் தேவைப்பட்டது.

ஓரெழுத்துத் திருத்தம்

சவேரியார் என்று தமிழ் மக்கள் வழங்கும் புனித பிரான்சிசு சேவியர் 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்தார். பரதவர் பலர் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னரே திருமுழுக்குப் பெற்றிருந்தனர். ஆயினும், தாம் ஏற்றுக்கொண்ட சமயத்தின் கொள்கைகளைத் தம் மொழியில் கேட்க அவர்களுக்கு வாய்ப்பு அமையவில்லை. சவேரியாருக்கோ தமிழ் தெரியாது. தமிழும் போர்த்துக்கீசியமும் அறிந்தவர்களைக் கூட்டி, பல நாள் உழைத்து, விசுவாச அறிக்கையையும் பத்துக் கட்டளைகளையும் பிற மன்றாட்டுகளையும் தமிழில் ஆக்கியதை 1544-ஆம் ஆண்டு சனவரியில் எழுதிய மடலில் அவரே குறித்துள்ளார். கையில் மணியுடன் ஊர்த்தெருக்களில் சென்று சிறுவரையும் பெரியோரையும் கூட்டி, அவற்றை மனப்பாடமாகச் சொல்லிக்கொடுத்தார்.

அதே ஆண்டில், தமக்குத் துணைவராய் இருந்த மான்சில்லாசு என்பவருக்கு அவர் எழுதிய மடலொன்றில் இரண்டு திருத்தங்கள் காணப்படுகின்றன. தமிழாசிரியர் ஒவ்வொருவரும் அறிந்திருக்கத்தக்க செய்தி இது. விசுவாச அறிக்கையில் ‘நம்புகிறேன்’ என்னும் பொருள் வரவேண்டிய இடத்தில் ‘எனக்கு வேணும்’ என்று மக்கள் சொல்லிவந்தனர். வேண்டும் என்பது வேறு, நம்புதல் வேறு என்று கூறி அதனை மாற்றச் சொன்னார். இரண்டாவது திருத்தம் கிறித்துவின் பாடுகளைப் பற்றியது. அவ்விடத்தில் மக்கள் சொல்லிவந்த சொல், போர்த்துக்கீசிய எழுத்தில் அவர் குறித்தபடி, ‘வன்பினாலே’ என்று படிக்கத்தக்கது. அது கட்டாயத்தினால் என்று பொருள்படும். கிறித்து தம் விருப்பத்தினால் பாடுபட்டாரேயன்றிப் பிறர் கட்டாயத்தினால் அன்று; ஆதலால் அச்சொல்லை விலக்குக என்று எழுதினார்.

தமிழ் இலக்கணம் பயிலாத ஒருவர், சொற்களைக் காதால் கேட்டு எழுதிக்கொண்ட ஒருவர், சமயத்தின் உயிர்நிலை எங்கே இருக்கிறதென்று அறிந்தமையால் ஒரு சொல்லின் தவற்றைக் கண்டுகொண்டார். கிறித்துவின் சாவு பிறர் வலிமையால் நேர்ந்தது என்றால், அது ஓர் எளியவரின் துன்பக்கதையாக முடியும். அவர் மனமுவந்து ஏற்றது என்றால்தான் அது கடவுளின் அன்புக்குச் சான்றாகும். வன்பு, அன்பு என்னும் இரு சொற்களுக்கும் இடையே உள்ள வேற்றுமை ஓரெழுத்தே. கிறித்தவ சமயத்தின் அன்புக் கொள்கை முழுவதும் அவ்வோரெழுத்தில் அடங்கிக் கிடக்கிறது எனலாம்.

மலாக்காவில் சவேரியார்

1545-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களின் இறுதியில் சவேரியார் மலாக்காவை அடைந்தார். போர்த்துக்கீசியர் அந்நகரைக் கைப்பற்றி அப்போது முப்பத்துநான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. தமிழ்க் கடற்கரையில் செய்த பணியையே அவர் இங்கும் தொடங்கினார். மக்காசார் நாட்டார்க்கு விளங்கும் மொழியில் மன்றாட்டுகளை ஆக்க முயன்றுவருவதாக அவ்வாண்டு இங்கிருந்து எழுதினார். அம்மொழி மலாய் என்று வரலாற்றறிஞர் கொள்வர். தமிழில் தொடங்கிய முயற்சி இவ்வாறு மலாயிலும் தொடர்ந்தது. 1552 திசம்பர் 3-ஆம் நாள் சீனக் கடற்கரையை அடுத்த சாங்சுவான் தீவில் அவர் காலமானார். அவருடைய உடல் மறு ஆண்டில் மலாக்காக் குன்றின்மேல் இருந்த ஆலயத்தில் சில திங்கள் அடக்கம் செய்யப்பட்டிருந்து, பின்னர்க் கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. இன்று தூய பவுல் குன்று என வழங்கும் அவ்விடத்தின் கூரையற்ற சுவர்களைக் காணச் செல்வோர் பலர். அங்கு வாழ்ந்தவரின் சொல்லாராய்ச்சியை அறிந்தோர் சிலரே.

தேவசிநேகம்

சவேரியாருக்குப் பின் தமிழ் அச்சேறியது. 1554-இல் இலிசுபன் நகரில் தமிழ் மன்றாட்டு நூலொன்று அச்சிடப்பட்டது. தமிழ்ச் சொற்கள் உரோம எழுத்தில் அமைந்த அந்நூலை ஆக்கியோர் அந்நகரில் வாழ்ந்த மூன்று தமிழர் ஆவர். மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவரும், 1966-இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு நடைபெறக் காரணராய் இருந்தவருமான தனிநாயகம் அடிகள் 1950-களில் இந்நூலைத் தமிழுலகம் அறியச் செய்தார். தமிழ் எழுத்திலேயே அச்சான முதல் நூலாகிய ‘தம்பிரான் வணக்கம்’ 1578 அக்டோபர் 20-ஆம் நாள் கொல்லத்தில் வெளிவந்தது. பதினாறு பக்கங்களே கொண்ட அதனை ஆக்கியவர் அண்டிரிக்கு அடிகளார். 1579-இல் ‘கிரீசித்தியானி வணக்கம்’ கொச்சியில் வெளியாயிற்று.

இவ்வகைத் தொடக்கநூல்களில் போர்த்துக்கீசியச் சொற்கள் பல அப்படியே புகுந்தன. தூய ஆவியை ‘இசுபிரீத்து சாந்து’ என்று வழங்கியது இதற்கு எடுத்துக்காட்டாகும். 1606-இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் என்னும் இராபர்ட் தெ நொபிலி வேறு வழியைப் பின்பற்றினார். வடமொழியின் சமயச் சொற்களைத் தமிழ் உரைநடையில் பரவலாக ஆண்டார். கடவுளைச் ‘சருவேசுரன்’ என்று வழங்கும் மரபு அவர் வழியே வேரூன்றியது.

இம்மரபில் கடவுளன்புக்கு அமைந்த பெயர் ‘தேவசிநேகம்’. விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம் என்பன மூன்று தலையாய புண்ணியங்கள். தேவசிநேக மந்திரம் என்பது கத்தோலிக்கக் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாய் ஓதப்பட்ட மன்றாட்டு. பத்துக் கட்டளைகளின் சாரமாகிய இரண்டு கட்டளைகளும், அதாவது கடவுளிடமும் அயலானிடமும் அன்பு செலுத்துதல், இச்சொல்லாலேயே கூறப்பட்டன. சிநேகம் என்னும் வடசொல்லுக்கு நெய்ப்பு, பசை என்பனவும் பொருள்களாம். இருபொருளை ஒட்டவைப்பது என்னும் கருத்து அதனுள் உண்டு. நேயம், நேசம் என்னும் சொற்களும் அதன் வழிவந்தவை என்பர். ஆயின், மக்கள் வழக்கில் சிநேகம் என்பது நாளடைவில் தோழமையையே குறித்தது. தன்னையொத்தவனிடம் கொள்ளும் சிநேகத்தைக் கொண்டு, தன்னின் மிக்க ஒருவர் தன்னைத் தேடிவந்த செய்தியைச் சொல்வது அரிதாயிற்று.

மொழிபெயர்ப்பாளர் கண்ட வேறுபாடு

சீர்திருத்தத் திருச்சபையினர் விவிலியம் முழுவதையும் தமிழாக்கும் பணியை மேற்கொண்டனர். 1706 சூலை 9-ஆம் நாள் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு ஐயர் புதிய ஏற்பாட்டைப் பெயர்த்து, 1715-க்குள் அச்சிட்டு முடித்தார். அதே நூற்றாண்டில் பப்பிரிசியு ஐயர் அதனைத் திருத்தமுறப் புதுக்கினார். கடவுளைக் குறிக்கச் சீகன்பால்கு சருவேசுரன் என்றும், பப்பிரிசியு பராபரன் என்றும் ஆண்டனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியார் புதிய மொழிபெயர்ப்பொன்றை ஆக்குவித்தார். அப்பணியில் அவருக்குத் துணைநின்றவர் ஆறுமுக நாவலர். சைவத்தின் காவலராய் நின்று கிறித்தவ போதனையை எதிர்த்தெழுதிய அப்பெரியாரே கிறித்தவ மறையின் தமிழ் செம்மையுறவும் உழைத்தார். கொள்கையில் மாறுபட்ட இருவர் ஒரு சொல்லின் பொருத்தத்தை ஒன்றாக அமர்ந்து ஆராய்ந்தமை தமிழின் பெருமைக்கு ஒரு சான்றாகும்.

இதன் பின்னர், பவர் ஐயர் தலைமையில் பல திருச்சபையினரும் கூடி ஆக்கிய ஒன்றிய மொழிபெயர்ப்பு 1871-இல் முழு விவிலியமாக வெளிவந்தது. அதில் கடவுள் தேவன் எனப்பட்டார். அகாப்பே என்னும் சொல்லுக்குப் பெரும்பாலும் அன்பு என்பது நிலைபெற்றது. உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் 12-ஆம் அதிகாரத்தில் 9, 10-ஆம் வசனங்களை ஒப்பிட்டு நோக்கினால் மொழிபெயர்ப்பாளரின் நுட்பம் விளங்கும். அகாப்பே வருமிடத்தில் அன்பு என்றும், உடன்பிறப்பு நேயம் வருமிடத்தில் சிநேகம் என்றும், உள்ளங்கனிந்த பரிவு வருமிடத்தில் பட்சம் என்றும் மூன்று சொற்களை அடுத்தடுத்து ஆண்டுள்ளனர். பட்சம் என்பதன் முதற்பொருள் பக்கம் அல்லது சார்பு. ஒருவர் பக்கம் சாய்வது பட்சம். பட்சபாதம் என்னும் சொல்லும் அதனின்று வந்ததே. நல்லார்க்கும் தீயார்க்கும் ஒப்ப மழை பெய்விப்பவர் என்று கூறப்படும் கடவுளின் அன்புக்கு அச்சொல் முற்றும் பொருந்தாமை எளிதில் புலனாகும்.

இன்னோர் இடம் இதனினும் சுவையுடையது. யோவான் நற்செய்தியின் 21-ஆம் அதிகாரத்தில், உயிர்த்தெழுந்த இயேசு, தம்மை மும்முறை மறுதலித்த பேதுருவிடம், தம்மேல் அன்புண்டா என்று மும்முறை வினவுகிறார். கிரேக்க மூலத்தில் முதல் இருமுறையும் அவர் அகாப்பேயின் வினைவடிவால் வினவ, பேதுரு பிலியாவின் வினைவடிவால் விடையிறுக்கிறார். மூன்றாம் முறை இயேசுவே இறங்கிவந்து பேதுருவின் சொல்லைத் தம் சொல்லாக எடுத்துக்கொள்கிறார். ஆங்கிலேயர் பெரிதும் போற்றும் 1611-ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பில் இரண்டுக்கும் ஒரே சொல் நிற்பதால் இவ்வேறுபாடு மறைந்துபோயிற்று. ஒன்றிய மொழிபெயர்ப்போ முன்னதற்கு அன்பாயிருத்தல் என்றும், பின்னதற்கு நேசித்தல் என்றும் பிரித்துக் காட்டுகிறது. இவ்விரு கிரேக்கச் சொற்களும் ஒருபொருட் சொற்களே என்று கருதும் அறிஞரும் உளர். ஆயினும், பெரியவர் எளியவரின் சொல்லுக்கு இறங்கிவரும் அக்காட்சியைத் தமிழ் படிப்போர் தம் மொழியிலேயே கண்டுகொள்ளலாம் என்பதில் ஐயமில்லை.

பத்தி நெறியும் புலவர் பெருமக்களும்

மொழிபெயர்ப்பாளர் சொல்லைத் தேர்ந்தனர். அதற்கு உயிரூட்டியோர் புலவர். இந்தியாவுக்கு வந்த வீரமாமுனிவர், 1726-இல் தேம்பாவணியை இயற்றி முடித்தார். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்த அவர், அன்புடைமையும் அருளுடைமையும் வேறுபட்டு நிற்கும் வகையை நன்கு உணர்ந்தவர். தேம்பாவணியின் தலைவர், குழந்தை இயேசுவை வளர்த்த சூசையப்பர். வானளாவிய இறைவன் ஒரு தச்சரின் கையில் குழந்தையாய்க் கிடப்பதைப் பாடும்போது, அருளும் அன்பும் ஒருங்கே அமையும் காட்சி தானே தோன்றுகிறது. காப்பவர் காக்கப்படுகிறார், தாங்குபவர் தாங்கப்படுகிறார்.

திருநெல்வேலி மாவட்டத்துக் கரையிருப்பில் 1827-இல் வைணவக் குடும்பத்தில் பிறந்த எச். ஏ. கிருட்டிணபிள்ளை 1858-இல் கிறித்தவரானார். பனியன் என்னும் ஆங்கில ஆசிரியர் 1678-இல் வெளியிட்ட உருவகக் கதையைத் தழுவி அவர் யாத்த இரட்சணிய யாத்திரிகம் 1894-இல் வெளிவந்தது. ‘கிறித்தவக் கம்பர்’ என்று அறிஞர் அவரைப் பாராட்டுவர். கம்பனிடமும் ஆழ்வார்களிடமும் கற்ற தமிழை அவர் கைவிடவில்லை. அடியவன் உருகும் உருக்கத்தைச் சொல்ல வைணவம் வளர்த்த மொழியைக் கொண்டே சிலுவையில் வெளிப்பட்ட அன்பைப் பாடினார். மனிதனின் அன்பைக் கூறிவந்த மொழி, கடவுளின் அன்பைக் கூறும் மொழியாகவும் விரிந்தது.

எதிர்த்திசையிலும் ஒரு பயணம் நிகழ்ந்தது. திருநெல்வேலியிலும் தஞ்சையிலும் சமயப்பணி செய்த போப் ஐயர், 1900-ஆம் ஆண்டில் தம் எண்பதாம் அகவையில் திருவாசகத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டார். மாணிக்கவாசகரின் உருக்கத்தைக் கிறித்தவர் ஒருவர் தம் முதுமையின் உழைப்பால் உலகறியச் செய்தார். பாளையங்கோட்டையில் 1891-இல் பிறந்து, பின்னர்க் கோயம்புத்தூர்ப் பேராயராய் விளங்கிய ஏ. ஜே. அப்பாசாமி, யோவான் நற்செய்தியின் அன்புக் கோட்பாட்டைத் தமிழ்ப் பத்தி நெறியோடு வைத்து ஆராய்ந்தார். கிறித்தவத்தைப் பத்தி மார்க்கமாக விளக்கும் அவருடைய ஆங்கில நூல் 1927-இல் வெளிவந்தது.

இதே காலத்தில் சுவீடன் நாட்டு இறையியலார் ஆந்திரசு நீக்ரென் வேறு முடிவுக்கு வந்தார் என்பது ஒப்புநோக்கத்தக்கது. 1930-இல் வெளிவரத் தொடங்கிய தம் நூலில், மேலிருந்து இறங்கும் அகாப்பேயும் கீழிருந்து ஏறும் எரோசும் தம்முள் பகையானவை. முன்னதே கிறித்தவம் என்றார். தமிழ் மரபில் வளர்ந்த அப்பாசாமியோ அடியவனின் உருக்கத்தைக் கிறித்தவத்திற்குப் புறம்பெனத் தள்ளவில்லை. இறங்கிவரும் அருளைக் கண்டு ஏறிச்செல்லும் அன்பு பிறக்கிறது. இரண்டும் ஒரே ஆற்றின் வெள்ளம் என்று கருதுதற்குத் தமிழ்ப் பத்தி இலக்கியம் இடந்தருகிறது.

வரலாற்றில் வன்பு

இதுவரை சொல்லின் வரலாற்றைக் கண்டோம். அச்சொல்லை ஏந்திவந்தோரின் வரலாறு எப்போதும் அதற்கு ஒத்திருந்ததா என்று வினவாமல் விடுவது முறையன்று. 1511-இல் அல்புகெர்க்கே மலாக்காவைப் பீரங்கிகளைக் கொண்டே வென்றார். கடவுளின் அன்பைப் போதித்தோர் வந்த கப்பல்களிலேயே படைக்கலங்களும் வந்தன. 1560-இல் கோவாவில் சமய விசாரணை மன்றம் நிறுவப்பட்டது. அத்தகைய மன்றம் வேண்டுமென்று 1546-இல் போர்த்துக்கல் மன்னருக்கு எழுதியவர்களுள் சவேரியாரும் ஒருவர் என்பதை வரலாறு மறைப்பதற்கில்லை. கிறித்து கட்டாயத்தினால் பாடுபட்டாரல்லர் என்று சொல்லைத் திருத்திய அதே கை, கட்டாயத்துக்கு இடந்தரும் மன்றத்தையும் வேண்டியது.

1641-இல் ஒல்லாந்தர் மலாக்காவைக் கைப்பற்றினர். அவர்களும் கிறித்தவரே. ஆயினும் கத்தோலிக்கரின் வழிபாட்டைத் தடைசெய்தனர். குன்றின்மேல் இருந்த ஆலயம் கைம்மாறியது. அத்தடை தளர்ந்த பின்னரே 1710-இல் தூய பேதுரு ஆலயம் எழுந்தது. ஒரே ஆண்டவரை வணங்குவோர் ஒருவரையொருவர் வருத்திய காலம் அது.

இச்செய்திகளைக் கண்டு, அன்பு என்பது வெறுஞ்சொல்லே என்று முடிவுகட்டுவோர் உளர். அம்முடிவு அவசரமானது. ஓர் அளவுகோல் கோணலான மரத்தைக் காட்டிக்கொடுத்தால், குற்றம் அளவுகோலின்மேல் இல்லை. கடவுளின் அன்பு கட்டாயத்தை அறியாதது என்று கிறித்தவம் தன் வாயாலேயே கூறியிருப்பதால்தான், கட்டாயம் நிகழ்ந்த இடங்களைக் குற்றமென்று அச்சமயத்தாரே உணர முடிந்தது. 1965-இல் நிறைவுற்ற இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமய உரிமையைப் பற்றித் தனி அறிக்கை வெளியிட்டு, சமயத்தில் எவரையும் வற்புறுத்தலாகாது என்று அறிவித்தது. வன்பு என்ற சொல்லை விலக்கச் சொன்ன 1544-ஆம் ஆண்டு மடலுக்குச் செயல்வடிவம் கிடைக்க நானூற்றிருபது ஆண்டுகள் தேவைப்பட்டன.

தோட்டப்புறமும் இன்றைய தமிழும்

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கங்காணி முறையில் மலாயாத் தோட்டங்களுக்கு வந்த தமிழருள் கிறித்தவரும் இருந்தனர். 1938-இல் இந்திய அரசு தொழிலாளர் குடியேற்றத்தைத் தடைசெய்யும்வரை அவ்வரவு தொடர்ந்தது. கத்தோலிக்கர் தேவசிநேகம் என்னும் சொல்லோடு வந்தனர். பிற திருச்சபையினர் ஒன்றிய மொழிபெயர்ப்பின் அன்பு என்னும் சொல்லோடு வந்தனர். ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீடுகளில் இருந்தோரும் ஒரே கடவுளின் ஒரே அன்பை வெவ்வேறு பெயரால் அழைக்கும் நிலை இருந்தது. 1995-இல் கத்தோலிக்கரும் பிற திருச்சபையினரும் இணைந்து ஆக்கிய திருவிவிலியம் வெளிவந்தபோது, இப்பிரிவைக் களைய வழி பிறந்தது. கடவுள் என்னும் தூய தமிழ்ச் சொல்லும், அன்பு என்னும் தூய தமிழ்ச் சொல்லும் அதில் ஒருங்கே நின்றன. இன்றும் சீர்திருத்தத் திருச்சபைகள் பலவற்றில் பழைய ஒன்றிய மொழிபெயர்ப்பே வழிபாட்டில் நிலவுகிறது என்பதும் குறிப்பிடத்தக்கது.

திருவிவிலியம் செய்த மாற்றங்களுள் ஒன்றை மட்டும் ஈண்டுக் காட்டுவது போதும். 136-ஆம் திருப்பாடல் இருபத்தாறு அடிகளைக் கொண்டது. ஒவ்வோர் அடியின் முடிவிலும் கடவுளின் நீங்காத நேயத்தைப் போற்றும் ஒரே தொடர் மீண்டும் மீண்டும் வருகிறது. எபிரேய மூலத்தில் அவ்விடத்து நிற்கும் ‘ஹெசெத்’ என்னும் சொல், உடன்படிக்கையால் பிணைந்தவர்மேல் மாறாது நிற்கும் பற்றைக் குறிப்பது. ஒன்றிய மொழிபெயர்ப்பு அதனைக் கிருபை என்றது. திருவிவிலியம் பேரன்பு என்றது. கிருபை அருளின் பக்கம் நிற்கும் சொல். பேரன்பு என்பதோ அன்பை விட்டு நீங்காமலே அருளின் அகலத்தையும் பெற்றுவிடுகிறது. வள்ளுவர் அன்பின் குழந்தை என்று கூறிய அருள், இச்சொல்லில் தாயோடு மீண்டும் ஒன்றாகிறது.

பெம்பான், ஜாசின், மெர்லிமாவ் வட்டாரங்களில் தமிழ் பயிலும் மாணவர்க்கு இவ்வேறுபாட்டை விளக்க, அவர்கள் நாள்தோறும் வழங்கும் மலாய்ச் சொல்லொன்றே துணையாகும். நன்றி என்பதற்கு மலாயில் ‘தெரிமா காசே’ என்கிறோம். தெரிமா என்றால் பெறுதல். காசே என்றால் அன்பு. மலாய் விவிலியத்தில் அகாப்பேக்கு நிற்கும் சொல்லும் இக்காசேயே. நன்றி கூறும் ஒவ்வொரு முறையும் அன்பு பெறுதலைச் சொல்லும் மொழி அது. கொடுத்தபின் பெறுவது கூலி. கொடாதபோதும் பெறுவது அன்பு. கிறித்தவர் கடவுளைப் பற்றிச் சொல்லவந்த செய்தியும் இதுவே. பெற்றவன் அதனைத் தன் அயலானுக்குக் கொடுக்கிறானா என்பதே அச்செய்தியின் உண்மையை உலகம் ஆராயும் இடமாகும். வன்புக்கும் அன்புக்கும் இடையே உள்ள ஓரெழுத்தை வகுப்பறையில் கரும்பலகையில் எழுதிக் காட்டிவிடலாம். வாழ்க்கையில் எழுதிக் காட்டுவது ஒவ்வொரு தலைமுறையும் புதிதாய்ச் செய்யவேண்டிய பணியாகும்.